காக்ஸ் ஆப்பிள்: கடையில் சப்பென்று இருப்பது ஏன், வீட்டில் நட்டால் அந்த ருசி வருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: தெற்கு லண்டனில் வீடு, பின்பக்கம் சின்னத் தோட்டம், களிமண். பக்கத்து அலாட்மென்ட்காரர் (காய்கறி, பழம் போட வாடகைக்கு எடுத்த துண்டு நிலம் வைத்திருப்பவர்) அக்டோபரில் கொடுத்த காக்ஸ் ஆப்பிள் அபார ருசி. அதே பெயரில் கடையில் வாங்கினால் ஒன்றுமே இல்லை. ஏன் இப்படி, நாமே ஒரு மரம் வைத்தால் அந்த ருசி கிடைக்குமா, மான்செஸ்டரில் இருக்கும் அக்காவும் வைக்கலாமா?

கிடைக்கும். ஆனால் ‘காக்ஸ்’ என்ற பெயர் மட்டும் அந்த ருசியைக் கொடுத்துவிடாது. மரம் நிற்கும் இடம், காயைப் பறிக்கும் நாள், பறித்த பிறகு காத்திருக்கும் வாரங்கள் என்று மூன்றும் கூடிவர வேண்டும். வேறு பல ரகங்களில் இவற்றில் ஒன்று தவறினாலும் சுமாரான பழமாவது மிஞ்சும். காக்ஸில் மிஞ்சாது. உங்கள் அலாட்மென்ட்காரர் மூன்றையும் சரியாகச் செய்திருக்கிறார்.

முதலில் இது என்ன ஆப்பிள் என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஆப்பிளைச் சமையலுக்கு, சைடருக்கு, அப்படியே கடித்துத் தின்ன என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். இது தின்னும் வகை. முழுப்பெயர் காக்ஸ் ஆரஞ்சு பிப்பின். ரிச்சர்ட் காக்ஸ் என்பவர் மதுபான ஆலைத் தொழிலை விட்டு ஓய்வு பெற்று, ஸ்லவ் ஊருக்குப் பக்கத்தில் கோல்ன்புரூக்கில் தோட்டம் போட்டுக்கொண்டு இருந்தார். சுமார் 1825-ல் அவர் போட்ட விதையிலிருந்து வந்தது இது. தாய் ரிப்ஸ்டன் பிப்பின் என்ற பழைய ரகம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர் 1845-ல் இறந்துபோனார், தன் ஆப்பிள் பெயர் வாங்கியதை அவர் பார்க்கவில்லை. 1850 வாக்கில் ஸ்லவ்வில் நர்சரி வைத்திருந்த சார்லஸ் டர்னர் இதை வெளியே கொண்டுவந்தார், 1857-ல் லண்டன் பழக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது, அதற்குப் பிறகு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஒரு காலத்தில் இந்நாட்டில் தின்னும் ஆப்பிள் போட்ட நிலத்தில் பாதிக்கும் மேல் காக்ஸ்தான். இப்போது காலா என்ற ரகம் அதை முந்திவிட்டது. காலாவும் இதன் வம்சம்தான்: காக்ஸையும் டெலிஷியஸையும் கலந்து நியூசிலாந்தில் உருவானது கிட்ஸ் ஆரஞ்சு ரெட், அதைக் கோல்டன் டெலிஷியஸோடு கலந்தது காலா. ஆக, சென்னையில் காலா வாங்கித் தின்பவர்கள் காக்ஸின் பேரப்பிள்ளையைத்தான் தின்கிறார்கள்.

நல்ல காக்ஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பழம் அல்ல, குறுக்களவு 60 முதல் 70 மில்லிமீட்டர் வரை. பச்சை கலந்த மஞ்சள் தோல், அதன்மேல் வெயில் பட்ட பக்கம் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த பூச்சு, நடுநடுவே கோடுகள். காம்பைச் சுற்றி லேசாகச் சொரசொரப்பான பழுப்புத் திட்டு இருக்கும். அது நோய் இல்லை, தோலின் இயல்பு. நன்றாகப் பழுத்ததைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதைகள் கடகடவென்று ஆடும். வெட்டினால் சதை வெள்ளையாக இருக்காது, பாலேட்டு நிறத்தில் இருக்கும். கடித்தால் முதலில் இனிப்பும் புளிப்பும் ஒன்றாக வரும், அப்புறம் பேரிக்காய் வாசனை, கொஞ்சம் ஆரஞ்சு, கடைசியில் கொட்டைப் பருப்பை மென்ற மாதிரி ஒரு பின்ருசி. புளிப்பு இல்லாத வெறும் இனிப்பு வந்தால் அது நல்ல காக்ஸ் இல்லை.

கடைப் பழத்தில் இது ஏன் இல்லை? ஆப்பிள் மரத்தில் இருக்கும்போது மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. முதிர்ந்தபின் அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, எத்திலீன் வாயு உண்டாகிறது, அதைத் தொடர்ந்துதான் வாசனைப் பொருள்கள் உருவாகின்றன. காக்ஸில் இந்த வாசனைப் பகுதி பெரும்பாலும் பறித்த பிறகுதான் நிறைவடைகிறது. வசந்தகாலம் வரை விற்க வேண்டிய பழத்தைச் சற்று முன்னதாகவே பறித்து, ஆக்ஸிஜனை ஒரு சதவீதத்தை ஒட்டிக் குறைத்த குளிர்கிடங்கில் பூட்டி வைக்கிறார்கள். இப்படி வாயுவை மாற்றி ஆப்பிள் சேமிக்கும் முறையை ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவர் கேம்பிரிட்ஜிலும் பிறகு தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட்டிலும் ஆராய்ந்து வளர்த்தார்கள். அருமையான வேலை அது, பழம் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக நிற்கிறது. ஆனால் மூச்சை அடக்கி வைத்த பழத்தில் வாசனை உருவாவதும் அடங்கிவிடுகிறது. மார்ச் மாதம் கடையில் வாங்கிய காக்ஸ் சப்பென்று இருந்தால் அதற்காக ரகத்தைக் குறை சொல்ல வேண்டாம். கடையிலேயே வாங்குவதானால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, இங்கிலாந்துப் பழமாகப் பார்த்து, மஞ்சள் ஓடியதாக எடுத்து, ஒரு வாரம் சமையலறை மேசையில் வைத்துத் தின்று பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

சரி, வளர்ப்புக்கு வருவோம்.

காக்ஸ் வளர்க்கக் கஷ்டமான மரம் என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயர் பாதி நியாயமானது. இதற்குப் பிடித்தது கென்ட் மாதிரியான இடம்: வெயில் ஓரளவு அதிகம், மழை குறைவு, வடிகால் நல்ல மண், காற்றுக்கு மறைவு. ஈரம் அதிகமான மேற்கிலும் குளிர்ந்த வடக்கிலும் சொறி நோயும், பட்டையைப் புண்ணாக்கும் கேங்கர் நோயும் இதைப் பிடுங்கித் தின்றுவிடும், பழமும் சிறுத்துப் பச்சையாகவே நிற்கும். எனவே உங்கள் இடத்தில் வைக்கலாம், மான்செஸ்டர் அக்காவுக்கு வேண்டாம். அவருக்கு என்ன வைக்கலாம் என்று பின்னால் சொல்கிறேன். கொடைக்கானலில் வைக்கலாமா என்று ஊரிலிருந்தும் சிலர் கேட்பதுண்டு. நீண்ட குளிர்கால உறக்கம் இல்லாமல் இந்த மரம் ஒழுங்காக மொட்டு விடாது. அங்கே பார்லின்ஸ் பியூட்டி போலக் குளிர் குறைவாகக் கேட்கும் ரகங்கள்தான் பொருந்தும்.

உங்கள் தோட்டத்தில் தெற்கு பார்த்த வேலியோ சுவரோ இருந்தால் காக்ஸுக்கு அதைக் கொடுங்கள். அந்த வெதுவெதுப்பு இரண்டு வேலை செய்யும். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் பூக்கும்போது உறைபனியிலிருந்து கொஞ்சம் காக்கும். செப்டம்பரில் சர்க்கரை ஏற உதவும். விரிந்த பூ மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனால் கருகத் தொடங்கும், பூவின் நடுப்பகுதி கறுத்திருந்தால் அது காயாகாது. சின்ன மரமாக இருந்தால் அந்த இரவுகளில் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்தி, காலையில் தேனீ வருவதற்குமுன் எடுத்துவிடலாம்.

இந்த ரகத்தின் உண்மையான பலவீனம் பூவில்தான் இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. காக்ஸ் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, இன்னொரு ரகத்தின் மகரந்தம் வேண்டும். அது வந்து சேர்ந்தாலும் போதாது. மகரந்தக் குழல் சூல்வரை வளர்ந்து இறங்க வேண்டும், குளிர்ந்த வாரத்தில் அது மெதுவாகத்தான் இறங்கும். காக்ஸின் சூல் உயிரோடு காத்திருக்கும் காலமோ மற்ற பல ரகங்களைவிடக் குறைவு. குழல் வந்து சேர்வதற்குள் சூல் கெட்டுவிட்டால் மரம் முழுக்கப் பூத்தும் காய் நிற்காது. ‘போன வருடம் அவ்வளவு பூ, ஒரு கூடைகூடத் தேறவில்லை’ என்று காக்ஸ் வைத்தவர்கள் புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பூத்தவுடனே, முதல் வெயில் நேரத்திலேயே மகரந்தம் வந்தால் நல்லது. ஆகவே துணைமரம் ஐந்து வீடு தள்ளி எங்கேயோ இருக்கிறது என்று விட்டுவிடாமல் உங்கள் தோட்டத்திலேயே ஒன்று வையுங்கள்.

எந்தத் துணை? ஜேம்ஸ் க்ரீவ், டிஸ்கவரி, வூஸ்டர் பியர்மெயின், ஃபியஸ்டா இவற்றில் எதுவும் சரி, எல்லாம் ஏறக்குறைய அதே நேரத்தில் பூக்கும். ஹோல்ஸ்டைன், கிட்ஸ் ஆரஞ்சு ரெட் இரண்டும் வேண்டாம். காக்ஸோடு இவை ஒன்றுக்கொன்று மகரந்தம் எடுக்காது. இங்கே பல வீடுகளில் பழைய பிராம்லி சமையல் ஆப்பிள் மரம் ஒன்று நிற்கும், ‘அதுதான் இருக்கிறதே’ என்பார்கள். பிராம்லிக்கு நிறமூர்த்தங்கள் வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி, அதன் மகரந்தம் பெரும்பாலும் வீண். காக்ஸிடமிருந்து வாங்கிக்கொள்ளுமே தவிரத் திருப்பிக் கொடுக்காது. பிராம்லியும் காக்ஸும் மட்டும் இருக்கும் தோட்டத்தில் பிராம்லி காய்க்கும், காக்ஸ் காய்க்காது. தன் மகரந்தத்திலேயே காய்க்கும் காக்ஸ் தேர்வு ஒன்றும் நர்சரிகளில் விற்கிறார்கள். ஒரே மரத்துக்குத்தான் இடம் என்றால் அதை வாங்குங்கள், அதற்கும் துணை இருந்தால் காய் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

அடுத்து வேர்ச்செடி. ஆப்பிளை விதையிலிருந்து வளர்த்தால் அதே ரகம் வராது என்பதால் எல்லாமே ஒட்டுக்கன்றுதான், எந்த வேரில் ஒட்டியிருக்கிறார்கள் என்பதே மரத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும். எம்9, எம்26, எம்எம்106 என்று சீட்டில் எழுதியிருக்கும். கென்ட்டில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்கள் இவை. எம்9 இரண்டரை மீட்டருக்குள் நிற்கும், சீக்கிரம் காய்க்கும், ஆனால் வேர் பலமில்லை, ஆயுள் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும், மோசமான மண்ணில் திணறும். காக்ஸ் தானே மட்டான வீரியம் உள்ளது, களிமண்ணில் எம்9 வேண்டாம். உங்களுக்கு எம்26 அல்லது எம்எம்106. தண்ணீர் தேங்காது என்றால் எம்எம்106-ஐயே சொல்வேன், வேலியோரம் 45 டிகிரி சாய்த்து ஒற்றைத் தண்டாக வளர்த்தால் உயரத்தை நம் கையில் வைத்துக்கொள்ளலாம். இந்த முறையில் மரத்துக்கு மரம் 75 சென்டிமீட்டர் போதும், எனவே ஒரு வேலியில் காக்ஸும் துணைமரமும் தாராளமாக நிற்கும். காக்ஸ் குட்டைக் கிளைகளில் காய்க்கும் ரகம், இந்த வளர்ப்புக்கு நன்றாகப் பொருந்தும்.

நடுவதற்குக் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை, இலை உதிர்ந்து உறங்கும் கன்றாக, மண்கட்டி இல்லாமல் வெறும் வேரோடு வாங்குங்கள். தொட்டிக் கன்றைவிட விலை குறைவு, வேரும் நன்றாகப் பிடிக்கும். களிமண்ணில் குழியை ஆழமாகத் தோண்டி உரம் போட்டு நிரப்பினால் அது மழைநீர்த் தொட்டியாகிவிடும். அகலமாக, ஆழம் குறைவாகத் தோண்டி, மண்ணைச் சற்று மேடாக்கி நடுங்கள். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்மட்டத்துக்கு நான்கு விரலாவது மேலே இருக்கட்டும். ஈரமண் அடித்தண்டில் ஏறினால் அழுகல் வரும், காக்ஸ் அதற்கு எளிதில் ஆளாகும். பழைய ஆப்பிள் மரம் எடுத்த இடத்தில் புதிதை நடாதீர்கள். உரம் விஷயத்தில் கை கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். தழைச்சத்து அதிகமானால் கிளை கொழுகொழுவென்று வளர்ந்து கேங்கரைக் கூப்பிடும், பழத்தில் கசப்புப் புள்ளியும் விழும். சாம்பல் சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடியில் தொழு உரத்தை மூடாக்காகப் போட்டு, தண்டைத் தொடாமல் விட்டால் போதும்.

நோய்களில் மூன்றைச் சொல்ல வேண்டும். சொறி நோய் இலையிலும் காயிலும் கறும்புள்ளியாக வரும். உதிர்ந்த இலையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் மறுபடி ஏறும், அதனால் நவம்பரில் இலைகளைக் கூட்டி அள்ளுவதே பாதி வைத்தியம். சாம்பல் நோய் குருத்து நுனிகளை வெள்ளையடித்த மாதிரி ஆக்கும், பார்த்தவுடன் நுனியை வெட்டி எடுங்கள். கேங்கர்தான் மரத்தையே கொல்வது. பட்டை உள்வாங்கி, வளையம் வளையமாக வெடித்துப் புண்ணாகும், கிளையைச் சுற்றி வந்துவிட்டால் அதற்கு மேலே இருப்பது காய்ந்துபோகும். உலர்ந்த நாளில் நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, வெட்டியதைத் தோட்டத்தில் போடாமல் அகற்றுங்கள். பழைய தோட்டக்காரர்கள் கந்தகம் அடிக்கச் சொல்வார்கள். காக்ஸுக்கு அது ஆகாது, இலை கருகிக் கொட்டும்.

சாய்த்து வளர்க்கும் மரத்துக்கு முக்கியக் கவாத்து ஆகஸ்டில். தண்டிலிருந்து நேராக வந்த புதுக்கிளை ஒரு சாண் நீளத்துக்கு மேல் போயிருந்தால் அடியில் உள்ள இலைக்கொத்தைக் கணக்கில் சேர்க்காமல் அதற்கு மேல் மூன்று இலையில் வெட்டுங்கள், ஏற்கெனவே வெட்டிய கிளையிலிருந்து வந்ததை ஒரு இலையில். இதனால் வெயில் காய்மேல் படும், நிறமும் வாசனையும் அதிலிருந்துதான். ஜூனில் பிஞ்சுகள் தானாகக் கொஞ்சம் கொட்டும், பயப்படாதீர்கள். ஜூலை நடுவில் மிச்சத்தை நீங்களே கழியுங்கள்: கொத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு, காய்க்குக் காய் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி. கொத்தின் நடுவில் இருக்கும் பெரிய பிஞ்சு பெரும்பாலும் கோணலாகத்தான் வரும், அதை முதலில் எடுங்கள். இங்கே மனசு வராமல் எல்லாவற்றையும் விட்டுவைப்பவர்களுக்குக் கிடைப்பது நிறைய சின்னக் காய், ருசி இல்லாமல். அப்புறம் தண்ணீர்: ஜூலை, ஆகஸ்டில் மண் காய்ந்து பிறகு திடீரென்று நனைந்தால் காய் வெடிக்கும், சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராமல் தோலுக்கடியில் கசப்புப் புள்ளிகள் வரும். சீராகக் கொடுங்கள்.

பறிக்கும் நாள்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். தென்கிழக்கு இங்கிலாந்தில் செப்டம்பர் மூன்றாவது வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், சிவப்பு வெயிலால் வருவது. அதன் கீழே இருக்கும் பச்சை மஞ்சளாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி லேசாகத் திருப்பினால் காம்போடு கழன்று வர வேண்டும், இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. ஒரு காயைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசல் தடவிப் பார்ப்பதும் உண்டு, மாவுச்சத்து இருக்கும் இடம் கறுக்கும். முழுக்கக் கறுத்தால் சீக்கிரம், நடுப்பகுதி வெளுத்து ஓரம் மட்டும் கறுத்தால் பறிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பறிக்காமல் இரண்டு மூன்று தடவையாக, வெயில்பக்கத்துக் காயை முதலில்.

பறித்தவுடன் தின்றால் ‘பரவாயில்லை’ என்றுதான் இருக்கும். மூன்று, நான்கு வாரம் பொறுக்க வேண்டும். அடிபடாத, காம்புள்ள காய்களை மட்டும் எடுத்து, ஒன்றையொன்று தொடாமல் தட்டில் பரப்பி, கராஜ் போன்ற குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். சீக்கிரம் பழுக்கும் வேறு ஆப்பிள்களைப் பக்கத்தில் வைக்காதீர்கள், அவற்றின் எத்திலீன் இதையும் அவசரப்படுத்தும். ஃபிரிஜில் வைப்பதானால் மிகவும் குளிரான தட்டு வேண்டாம். காக்ஸ் மூன்று டிகிரிக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் உள்ளே பழுப்பாகிவிடும், வணிகக் கிடங்குகளிலும் மூன்றரை, நான்கு டிகிரியில்தான் வைக்கிறார்கள். வாரம் ஒருமுறை பார்த்துக் கெட்டதை எடுத்துவிட்டால் கிறிஸ்துமஸ் தாண்டியும் வரும். தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கும் கட்டத்தில்தான் வாசனை உச்சத்தில் இருக்கும் என்பது என் அனுபவம். முற்றிய செடார் சீஸ் ஒரு துண்டு, வால்நட் இரண்டு சேர்த்துத் தின்னும் இங்கிலாந்துக்காரர்களின் வழக்கம் இதற்கென்றே அமைந்தது.

இனி மான்செஸ்டர் அக்காவுக்கு. சன்செட் என்ற ரகத்தை வையுங்கள். காக்ஸின் விதையில் 1918-ல் கென்ட்டில் வந்தது, ருசியில் தாய்க்கு மிக அருகில் நிற்கும், மரம் அடக்கமானது, நோய் குறைவு, தனி மரமாகவும் காய்க்கும். பழம் கொஞ்சம் சின்னது, அதனால் பிஞ்சு கழிப்பதில் தாராளமாக இருக்கச் சொல்லுங்கள். இன்னும் அதிக நாள் வைத்துத் தின்ன வேண்டுமென்றால் ஈஸ்ட் மாலிங்கில் காக்ஸையும் ஐடாரெட்டையும் கலந்து எடுத்த ஃபியஸ்டா நல்லது. வடக்கிலும் ஒழுங்காகக் காய்க்கும், ருசி காக்ஸைவிடக் கொஞ்சம் எளிமையானது.

நட வேண்டுமா என்று இன்னும் தயக்கம் இருந்தால் அக்டோபரில் ஃபேவர்ஷாம் பக்கத்தில் உள்ள பிராக்டேல் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். நாட்டின் தேசியப் பழத் தொகுப்பு அங்கே இருக்கிறது, ஆப்பிளில் மட்டும் 2,000 ரகங்களுக்கு மேல். காக்ஸ், அதன் பிள்ளைகள், தாய் என்று சொல்லப்படும் ரிப்ஸ்டன் எல்லாம் மரத்திலேயே நிற்பதைப் பார்க்கலாம். திரும்பி வந்ததும் நர்சரிக்குச் சொல்லிவிடுங்கள், நல்ல வேர்ச்செடியில் உள்ள காக்ஸ் கன்றுகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். முதல் வருடம் வரும் பூவையெல்லாம் கிள்ளிவிடுங்கள், இரண்டாம் வருடம் நான்கைந்து காய் மட்டும் விடுங்கள், நான்காம் வருடத்திலிருந்து கூடை எடுத்துக்கொண்டு போகலாம்.